நான்காவது மெஷினின் சிவப்பு அட்டை

அமலராணி சிஸ்டருக்கு வீடு ஊரப்பாக்கத்தில். காலை ஏழு மணிக்கெல்லாம் தாம்பரத்தில் எங்கள் டயாலிசிஸ் சென்டருக்கு வந்துவிடுவார். இன்சார்ஜ் அவர்தான். ஷிப்ட் தொடங்குமுன் பத்து நிமிடம் எல்லோரையும் நிற்க வைப்பார். "நேத்து என்ன தப்பாச்சு? யார் பண்ணதுன்னு கேக்கல. நடந்ததைச் சொன்னா மத்தவங்க சுதாரிச்சுக்குவாங்க" என்பார். நாங்களா சொல்லுவோம்? "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்று ஒப்பிப்போம். ஒரு வருடமாக வாயில் கொழுக்கட்டையோடுதான் நின்றோம். சொன்னவன் மாட்டுவான் என்பது எங்களுக்குத் தெரியாதா என்ன!

அவர் கொண்டுவந்த இன்னொரு வழக்கம் சிவப்பு அட்டை. மெஷினைக் கிருமிநாசினியால் கழுவும்போது அதில் அட்டை தொங்கும். மருந்து துளியும் இல்லையென்று சோதித்த பிறகே கழற்ற வேண்டும். அதற்குமுன் நோயாளியை இணைத்தால் உயிருக்கே ஆபத்து.

அந்த வியாழக்கிழமை சென்டரைச் சுற்றிப் பார்க்க யாரோ பெரிய மனிதர்கள் வந்தார்கள். "இதென்ன, செவப்பா அசிங்கமா தொங்குது?" என்று முதலாளி ஏகநாதன் சார் முகம் சுளித்தார். சிஸ்டர் ஓடிப்போய் நான்காவது மெஷினின் அட்டையைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். நான் பார்த்தேன். திரும்ப மாட்டிவிடுவார் என்று என் வேலையைக் கவனித்தேன். விருந்தாளிகளோடு போனவர் மறந்தேபோனார்.

மதிய ஷிப்டுக்கு வந்த தீனா, அட்டை இல்லையே என்று அந்த மெஷினில் நோயாளி வேதசிரோமணி சாரைப் படுக்க வைத்தான். குழாயை மாட்டப் போகையில், "தம்பி, மருந்து நெடி அடிக்குதே" என்றார் அவர். தீனா சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். நல்லவேளை, இன்னும் இணைக்கவில்லை. விஷயம் முதலாளி காதுவரை போய்விட்டது.

மறுநாள் காலை அந்தப் பத்து நிமிடக் கூட்டத்துக்கு முதலாளியே வந்து நின்றார். "இந்தத் தீனா அட்டையைக் கழட்டிப் போட்டுட்டு இல்லன்னு சாதிக்கிறான். இன்னியோட இவனை அனுப்பிடுங்க."

"சத்தியமா நான் தொடல சார்! வந்தப்பவே அட்டை இல்ல சார். வூட்ல மூணு மாசக் கொழந்த கீது சார்..."

சிஸ்டரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சே, இவ்வளவுதானா இவர் என்று பற்றிக்கொண்டு வந்தது. நான் மட்டும் என்ன, வாயைத் திறந்தேனா?

சிஸ்டர் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "கழட்டினது நான்தான் சார். நீங்க முகம் சுளிச்சீங்க, பயந்துட்டேன். வீட்டுக்குப் போய்க் கோட்டைத் துவைக்க எடுத்தப்பதான் பார்த்தேன். தீனாவை விட்டுடுங்க."

முதலாளியின் முகம் கறுத்தது. "அப்போ இனிமே நீங்க இன்சார்ஜ் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தீனாவின் வேலை தப்பியது.

சனிக்கிழமை காலை சிஸ்டர் எங்களோடு வரிசையில் நின்றார். எதிரே நின்று கேட்க ஆள் இல்லை. கலைந்து போயிருக்கலாம், யாரும் போகவில்லை. "சிஸ்டர் அட்டையைக் கழட்டினதை நான் பார்த்தேன். ஏன்னு கேக்கல. நேத்தும் சொல்லல. என் தப்பு" என்றேன்.

தீனா தலையைத் தூக்கினான். "புஷ்பாக்கா, நானும் ஒண்ணு சொல்லணும். அட்டை இருந்தாலும் இல்லாங்காட்டியும் மாட்றதுக்கு முன்னாடி நான் டெஸ்ட் பண்ணணும். பண்ணல. அந்தப் பெரியவர் மட்டும் சொல்லலன்னா..." அழுதுவிட்டான்.

சிஸ்டர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். "அடுத்தது யாரு?" என்றார். மூன்று பேர் கை தூக்கினார்கள்.