மலை மேல் போட்ட பழி

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் சேலம் – ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டர். மலைப்பாதையில் தலைசுற்றிக் குமட்டுகிறவர்களுக்காகவே என் தோல்பையில் எப்போதும் எலுமிச்சம்பழம் கிடக்கும். கொண்டை ஊசி வளைவுகளில்கூடக் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழிக்கிறவன் என்று எனக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

அப்படிப்பட்ட எனக்கே ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு குமட்ட ஆரம்பித்தது. இரண்டு கவளம் உள்ளே போனாலே வயிறு நிறைந்துவிடும். நெஞ்சுக்குழிக்குக் கீழே விடாமல் ஒரு வலி. டிரைவர் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "இத்தன வருசம் மல உன்னய உட்டு வெச்சிருந்துச்சு. இப்பத்தான் புடிச்சிருக்குது" என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன், கேட்டவர்களிடமெல்லாம் மலையைத்தான் குறை சொன்னேன். அடிவாரத்தில் பஸ் நிற்கும்போதெல்லாம் சோடா குடித்தேன், சீரகம் மென்றேன், மருந்துக்கடையில் கேட்டு டானிக் வாங்கிக் குடித்தேன். எதற்கும் அடங்கவில்லை. கீழே ஆத்தூர், ராசிபுரம் பக்கம் ஏதாவது ரூட்டுக்கு மாற்றல் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மனைவியிடம் சொல்லி, அதற்கு எழுதியும் கொடுத்துவிட்டேன். வயிற்று நோவுக்கு ரூட் மாற்றம் கேட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மலைமேல் தலைச்சோலை கிராமத்தைச் சேர்ந்த ஒரு அம்மாள் கொய்யாவும் பேரிக்காயும் விற்க என் பஸ்ஸில்தான் சேலத்துக்கு வருவார். ஏறக்குறைய என் வயது. கூடைகளை நடைவழியிலேயே வைப்பார். அதற்காக எங்களுக்குள் ஓயாத சண்டை.

ஒருநாள் காலை சேலம் பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிய பிறகு, பின்சக்கரத்தின் பக்கம் ஒதுங்கி வாந்தி எடுத்தேன். காப்பித்தூளைக் கரைத்து ஊற்றியது போல் கறுப்பாக வந்தது. மீதிக் கூடையை எடுக்க வந்த அந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனுங்க கண்டக்டர், பஸ்ஸு நின்னு நொம்ப நேரமாச்சுங்களே. நிக்கிற பஸ்ஸுல மலை எங்கீங்க இருக்குது?"

"காலையில குடிச்ச காப்பிம்மா அது. நீ போய் ஏவாரத்தப் பாரு" என்றேன்.

அவர் போகவில்லை. "காப்பி இல்லீங்க, ரத்தமுங்க இது. எங்க ஊட்டுக்காரருக்கும் இப்படித்தானுங்க கறுப்பா வந்துச்சு. சோறு எறங்கலீன்னாரு. வாங்க, பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்."

அடுத்த டிரிப்புக்கு நேரமாகிறது என்று நான் எரிந்து விழுந்தேன். அவர் நேராக டைம் கீப்பர் அறை வாசலுக்குப் போய், பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டார்: "இந்த மனுசன் ரத்தமா கக்குறாருங்க. இவர மறுபடியும் மலையேத்துவீங்களா?" எனக்கு மானம் போயிற்று. வேறு கண்டக்டரை ஏற்றினார்கள். அந்த அம்மாள் தன் கூடைகளைப் பக்கத்துக் கடைக்காரப் பெண்ணிடம் விட்டுவிட்டு என்னை ரிக்ஷாவில் ஏற்றினார். வியாபாரம் போனது போனதுதான். என் மனைவி வந்து சேரும்வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான்தான் நன்றி சொல்லாமல் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்தேன்.

குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள். வயிற்றில் புற்றுநோய் என்று வந்தது. என் மகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். அவளை நினைத்து, வார்டில் எல்லோரும் பார்க்கவே அழுதேன்.

டாக்டர் பொறுமையாகப் பேசினார். வெற்றிலையோடு புகையிலை உண்டா என்றார். விடிந்தது முதல் படுக்கும்வரை உண்டு. உப்பு அதிகமா என்றார். என் டிபன் கேரியரில் கருவாடோ ஊறுகாயோ இல்லாத நாளே இல்லை. பழம் சாப்பிடுவீர்களா என்று கேட்டதும், அழுதுகொண்டிருந்த என் மனைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "மலைப்பழம் பூராவும் இவரு பஸ்ஸுலதானுங்க எறங்குது. ஒண்ணக் கடிச்சுப் பாத்ததில்லீங்க" என்றாள். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்றார். என் அப்பா வயிற்றுவலியில்தான் போனார். என்ன நோவு என்று யாரும் பெயர் சொல்லவில்லை.

"இதுல ஒண்ணு இருந்தாலே வந்துடும்னு இல்லீங்க. ஒண்ணோட ஒண்ணு சேரச் சேர ஆபத்து கூடும்" என்றார் டாக்டர். அபூர்வமான வியாதி இல்லையாம் இது. பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம், வயது ஏற ஏற அதிகமாம். முக்கால்வாசிப் பேர் வாயு, சூடு என்று நாளைக் கடத்திவிட்டு முற்றிய பிறகே வருவார்கள், நான் வெட்டி எடுக்கிற நிலையில் வந்ததே பெரிய விஷயம் என்றார். வயிற்றிலேயே வருஷக்கணக்காகக் குடியிருக்கும் ஒரு கிருமியும் இதற்குக் காரணமாகலாம் என்பதைப் பல வருஷம் கழித்துப் பத்திரிகையில் படித்தேன்.

வயிற்றில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். தேறி எழுந்து, பழைய ரூட்டையே கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏற மாதங்கள் ஆயின. அந்த அம்மாளைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் சொன்னார்.

"எங்க ஊட்டுக்காரரு சொன்னப்ப, வாயுத் தொல்லைன்னு நானே கசாயம் வெச்சு வெச்சுக் குடுத்தேனுங்க. கூட்டிட்டுப் போறப்ப காலம் கடந்துபோச்சு. உங்களப் பாத்ததும் அவரு மொகந்தானுங்க தெரிஞ்சுது."

என் மகளுக்குக் கல்யாணம் செய்து பார்த்துவிட்டேன், ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்த அம்மாளுக்கு நான் பட்ட கடன் பெரிது. ஆனாலும், நான் பார்த்தேயிராத அந்த மனிதர் பட்ட வேதனைதான் என் உயிரைக் காப்பாற்றியது என்பதை நினைக்காமல் இன்றுவரை நான் சோற்றில் கை வைப்பதில்லை.