கூப்பிட்டதும் வந்த பதில்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்து கோணலாகப் போகும், நடுவில் ஏதாவது மறந்தும் போகும். நாலு பேர் எதிரில் வாய் திறந்து பேசவே எனக்குக் கூச்சம். எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

இது நடந்தது போன ஆடி மாதம், மரக்காணம் உப்பளத்தில். முப்பது வருடத்துக்கு மேல் அங்கே உப்பு சுமந்தவள் நான். இப்போது தலைச்சுமை தூக்க முடியவில்லை. குவித்து வைத்த உப்பின் மேல் கீற்று போட்டு மூடுவது, சிந்தியதைக் கூட்டி அள்ளுவது, அவ்வளவுதான். வீட்டுக்காரர் இறந்து வெகு நாளாயிற்று. ஒரே மகன். சரக்குக் கப்பலில் என்ஜின் பக்கம் வேலை.

கப்பல் நடுக்கடலில் போகும்போது போன் கிடைக்காது. கரைக்குக் கரை நம்பரும் மாறும். அதனால் அவன் கார்த்திகையில் புறப்படும்போது என் போனில் மெயில் வைத்துக் கொடுத்து, தமிழில் தட்டவும் பழக்கிவிட்டுப் போனான். "போன் கிடைக்கலன்னா பயந்துக்காதம்மா. இதுல எழுதிப் போடு. கரைக்கு வந்ததும் படிச்சிட்டுப் பதில் போடுறேன்" என்றான். எழுத்து எழுத்தாகத் தேடி நாலு வரி எழுத எனக்கு அரை மணி நேரம் ஆகும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எழுதிவிடுவேன்.

ஆரம்பத்தில் பதில் வர பத்து நாள், பதினைந்து நாள் ஆனது. தை மாதத்திலிருந்து, நான் அனுப்பிய உடனேயே வர ஆரம்பித்தது. "அம்மா, நீ எழுதினத படிச்சேன். ரொம்ப சந்தோஷம். நான் நல்லா இருக்கேன். பாத்தி பக்கம் நாரைங்க வந்துச்சா? மாத்திரைய மறக்காத." இவ்வளவுதான் இருக்கும். நடு நடுவே வேறு மாதிரியும் எழுதுவான். கப்பலில் சாம்பார் வாயில் வைக்க முடியவில்லை, ஒரு ஊரில் பனி கொட்டியது என்றெல்லாம். ஆகையால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சொன்னதையே சொல்கிறானே என்று மட்டும் தோன்றும். அவன் அப்பாவும் அப்படித்தான். வாசலில் கால் வைத்ததும் "சோறு ஆச்சா" என்று கேட்டதைத் தவிர வேறு எதுவும் கேட்டு எனக்கு ஞாபகமில்லை.

என்னோடு வேலை செய்கிற ஒருத்தி இருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாய் கொஞ்சம் நீளம். அவளிடம்தான் பெருமை பேசுவேன், என் பிள்ளை உடனுக்குடன் பதில் போடுகிறான் என்று.

"இன்னாக்கா, உன் புள்ள கப்பல்ல வேல செய்யறானா, இல்ல உன் லெட்டர் எப்ப வரும்னு பாத்துக்கினு குந்தினு இருக்கானா?" என்பாள். "என்னுது புதுச்சேரியிலதான் கீது. மாசத்துக்கு ஒரு போன் பண்ணா பெரிசு." அவள் அப்படிப் பொறாமைப்படுவது எனக்கு உள்ளுக்குள் இனிக்கும்.

ஆனி மாதக் கடைசியில் வரப்பில் வழுக்கி விழுந்தேன். இறுகிப் போயிருந்த உப்புக் கட்டி பாதத்தைக் கிழித்துவிட்டது. ஏழு தையல். அந்த ஞாயிற்றுக்கிழமை பாயில் படுத்தபடியே மகனுக்கு எழுதினேன். காலைக் கீழே ஊன்ற முடியவில்லை, தனியாகக் கிடக்கிறேன், உன்னை நினைத்தால் அழுகை வருகிறது என்று எழுதி அனுப்பினேன். போனைப் பாயில் வைத்துவிட்டுத் தண்ணீர்ச் சொம்புக்குக் கை நீட்டினேன். சொம்பைத் தொடுவதற்குள் மணி அடித்தது.

"அம்மா, நீ எழுதினத படிச்சேன். ரொம்ப சந்தோஷம்."

திரும்பத் திரும்பப் படித்தேன். அதே வார்த்தைகள்தான். நாரைங்க வந்துச்சா என்று கேட்டிருந்தது. கோடை வெயில் ஏறுவதற்கு முன்பே நாரைகள் போய்விடும். பாத்தி ஓரத்திலேயே வளர்ந்த என் பிள்ளைக்கு ஆனி மாதத்தில் நாரை வராது என்று தெரியாதா? அவன் வார்த்தைகளை எடுத்து வைத்துக்கொண்டு வேறு ஏதோ ஒன்று பேசுகிறது என்று அப்போதுதான் தோன்றியது. நல்ல பகல் வேளை, தெருவில் பால்காரர் சத்தம்கூடக் கேட்டது. ஆனாலும் போனைக் குப்புற வைத்தேன். அதுவும் போதாமல் முறத்தைக் கவிழ்த்து அதன் மேல் மூடினேன்.

பத்து நாள் எழுதவில்லை. கால் தேறி வேலைக்குப் போன அன்று, என்னோடு வேலை செய்கிறவளிடம் சொன்னேன். கேலி செய்வாள் என்று நினைத்தேன். செய்யவில்லை.

எங்கள் உப்பளத்தில் ஒரு பழக்கம் உண்டு. விடிவதற்கு முன்பே வேலைக்கு இறங்குவோம். அந்த இருட்டில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் சொல்ல மாட்டோம். மனுஷர் என்றால் மூன்று தரம் கூப்பிடுவார்கள், மற்றது ஒரு தரத்தோடு நிறுத்திக்கொள்ளும் என்பது எங்கள் நம்பிக்கை. மூன்றாவது தரம் கேட்ட பிறகுதான் குரல் கொடுப்போம். சின்ன வயதில் என்னோடு வந்து வந்து என் மகனுக்கும் அது ஒட்டிக்கொண்டது. வீட்டில் பட்டப்பகலில் சாப்பிடக் கூப்பிட்டால்கூட மூன்றாவது தரம்தான் "சொல்லும்மா" என்பான். எத்தனையோ திட்டியிருக்கிறேன். மாறவில்லை.

"மொத தரமே பதில் சொல்றது உன் புள்ள இல்லக்கா" என்றாள் அவள். "மூணு தரம் கூப்ட்டுப் பாரு."

உச்சி வேளை. வேலை நிறுத்திச் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை. எங்கள் நிழல்கூட காலுக்கு அடியில் போய்விட்டது. தண்ணீர் இறைக்கிற மோட்டாரையும் நிறுத்தியிருந்தார்கள். வரப்பில் ஏறி நின்று, மகன் பெயரை மட்டும் எழுதினேன். வேறு ஒன்றும் எழுதவில்லை. அனுப்பினேன்.

உடனே வந்தது. "நீ எழுதினத படிச்சேன். ரொம்ப சந்தோஷம்."

இரண்டாவது தரம் பெயரை எழுதி அனுப்பினேன். வரவில்லை. மூன்றாவது தரமும் அனுப்பினேன். அதற்கும் வரவில்லை. சோற்றைத் தொடாமல் இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டு இருந்தோம். பாத்தித் தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை. எங்கோ நின்று ஏதோ ஒன்று நாங்கள் அடுத்து என்ன செய்கிறோம் என்று பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

"கடைத்தெருவுல கம்ப்யூட்டர் வச்சினு இருக்காங்களே ஒரு அம்மா, அவங்ககிட்ட காட்டுக்கா" என்றாள்.

"எனக்கு என்னான்னு கேக்கத் தெரியும்? நீயும் வாயேன்."

"என் புள்ளயா இருந்தா இந்நேரம் கத்தி ஊரக் கூட்டியிருப்பேன். நீ கூச்சப்பட்டுக்கினு குந்தினு இரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவள் கோபத்தில் சொன்னது நல்லதாயிற்று. அரை நாள் கூலி போனால் போகிறது என்று நான் தனியாகவே கிளம்பினேன்.

அது பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், பட்டா, சான்றிதழ் எல்லாம் கம்ப்யூட்டரில் எடுத்துத் தருகிற சின்னக் கடை. கூட்டமாக இருந்தது. எல்லாரும் போகட்டும் என்று ஓரமாக நின்றேன். ஒருவர் போனால் இன்னொருவர் வந்தார். கடைசியில் அந்த அம்மாவே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "ஒரு மணி நேரமா நிக்கிறீங்களேம்மா, இன்னா வேணும்?" என்று கேட்டார். போனை நீட்டினேன்.

அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது உங்க புள்ள எழுதறது இல்லம்மா. மெயில்ல ஒண்ணு இருக்குது. நான் ஊர்ல இல்லன்னு எழுதி வச்சிட்டுப் போயிட்டா, யாரு லெட்டர் போட்டாலும் அதுவே பதில் போட்டுடும். ஒருத்தருக்கு ஒரு தரம் போட்டுச்சுன்னா நாலு நாளைக்குத் திரும்பப் போடாது. அவரு எப்பவோ வச்சிட்டு எடுக்க மறந்துட்டாரு."

எனக்கும் சிரிப்பு வந்தது. இதற்குப் போய் முறத்தைக் கவிழ்த்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அந்த அம்மா போனைத் திருப்பித் தரவில்லை. விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"அவரே கையால எழுதுனது கடைசியா எப்பம்மா வந்துது?"

பனி கொட்டியது பற்றி எழுதியதா? இல்லை, அதற்குப் பிறகு செருப்பு வாங்கினதாக ஒன்று. சித்திரை முடிகிற நேரம். அதன் பிறகு வந்தது எல்லாமே ஒரே கடிதம். வைகாசி, ஆனி, ஆடி. இத்தனை நாளும் நான் ஞாயிற்றுக்கிழமை தோறும் சந்தோஷப்பட்டு, பெருமையடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அப்போது வந்த பயம்தான் பயம். பேய் என்றால்கூட அதற்கு ஏதாவது தெரிந்திருக்கும். இதற்கு ஒன்றுமே தெரியாது. என் பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று தெரியாமலே, நல்லா இருக்கேன் என்று எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது.

கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா வெளியே காத்திருந்த இரண்டு பேரை "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டு, கப்பல் கம்பெனிக் காகிதம் இருக்கிறதா என்று கேட்டார். வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தேன். சென்னைக்குப் போன் போட்டார். அவர்கள் வேறு நம்பர் கொடுத்தார்கள், அங்கே இன்னொரு நம்பர். விடாமல் கேட்டார். நானாக இருந்தால் முதல் ஆள் அதட்டியதுமே வைத்திருப்பேன்.

சாயங்காலம் விஷயம் தெரிந்தது. வைகாசியிலேயே என்ஜின் அறையில் சூடான எண்ணெய் தெறித்து என் மகனுக்கு இரண்டு கையும் வெந்துவிட்டதாம். ஏதோ ஒரு துறைமுக ஊரில் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. அவன் போனும் கப்பலோடு போய்விட்டது. அம்மா தனியாக இருக்கிறார், சொல்ல வேண்டாம் என்று அவனே கேட்டுக்கொண்டானாம். உயிருக்கு ஒன்றும் இல்லை, தேறிவிட்டான், நாளைக் காலையில் பேசச் சொல்கிறோம் என்றார்கள்.

நான் அதை முழுதாக நம்பவில்லை. நல்லா இருக்கான் என்ற வார்த்தையே எனக்கு ஆகாமல் போய்விட்டிருந்தது.

மறுநாள் கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். போன் வந்தது. அந்த அம்மா பேசிவிட்டு, "லைன்ல இருக்காரு, பேசுங்க" என்று என் காதில் வைத்தார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். இரைச்சல் மட்டும் கேட்டது. இரண்டாவது தரம் கூப்பிட்டேன். யாரோ மூச்சு விடுவது கேட்டது, பேச்சு இல்லை. அந்த அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது தரம் கூப்பிட்டேன்.

"சொல்லும்மா."

எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. ஏண்டா இப்படிப் பண்ணின என்று அழுதேன். "அந்த மெயிலுதான் பேசிக்கினு இருக்குமே, நீ நிம்மதியா இருப்பன்னு நெனச்சேம்மா" என்றான்.

ஐப்பசியில் ஊருக்கு வந்தான். விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. வந்த அன்றே என் எதிரில் உட்கார்ந்து, தானாகப் பதில் போடுகிற அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டான். இப்போது மறுபடியும் கப்பலுக்குப் போயிருக்கிறான். நான் எழுதினால் பதினைந்து நாள், இருபது நாள் பதில் வருவதில்லை. அந்த இருபது நாளும் என் பிள்ளை எங்கோ உயிரோடு வேலை செய்துகொண்டிருக்கிறான் என்று எனக்குத் திடமாக இருக்கிறது. உடனே வந்த பதில் எதுவும் அந்தத் திடத்தைக் கொடுத்ததில்லை.

நான் விழுந்தது ஆனி இருபத்தைந்துக்கு மேலா, முன்னாலா என்று சரியாக நினைவில்லை. மெயிலில் அந்த ஏற்பாட்டுக்கு என்ன பெயர், நாலு நாள் கணக்கு சரிதானா என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திப் போடுங்கள். மூன்று தரம் கூப்பிட்டது மட்டும் சரி. அதைத் திருத்த வேண்டாம்.