முடிச்சுகள் தின்ற கயிறு

ஞாயிற்றுக்கிழமை காலை எண்பத்தாறு மீட்டர் கயிறு கூடம் முழுக்கக் கிடந்தது. சோபாவுக்கு அடியில் புகுந்து, சாப்பாட்டு மேசையின் காலைச் சுற்றி, சமையலறை வாசல் வரைக்கும் போயிருந்தது. நடுவில் அம்மா கால் நீட்டி உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். எதிரே மகள், கையில் எஃகு அளவு நாடா.

மகளுக்கு லிஃப்ட் பரிசோதிக்கிற வேலை. ஒரு கட்டடத்தில் லிஃப்ட் ஓடலாமா கூடாதா என்று கையெழுத்துப் போடுகிறவள். எஃகுக் கயிற்றில் எத்தனை இழை அறுந்தால் மாற்ற வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். இந்தக் கயிற்றுக்கும் அவள்தான் கணக்குப் போட்டாள். அம்மாவின் பள்ளியை ஒட்டிய காட்டின் வாசல் கம்பத்திலிருந்து உள்ளே சாய்ந்து கிடக்கும் பெரிய மரம் வரைக்கும் எழுபத்தெட்டு மீட்டர். வழியில் பதினாறு மரம். ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்ட அரை மீட்டர். மொத்தம் எண்பத்தாறு. ஒரு சாண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"ரெண்டு மீட்டருக்கு ஒரு முடிச்சுன்னு பேனாவால குறிச்சு வெச்சிருக்கேன். நீ பாட்டுக்கு இஷ்டத்துக்குப் போடறியேம்மா."

"ஏண்டி, வேர் என்ன உங்க ஆபீஸ்ல உத்தரவு வாங்கிட்டா முளைக்குது, ரெண்டு மீட்டருக்கு ஒண்ணா?"

அம்மாவிடம் வேறு கணக்கு இருந்தது. ஒரு முடிச்சு கையில் தட்டுப்பட்டால் முன்னால் வேர், காலைத் தூக்கு. இரண்டு சேர்ந்து வந்தால் சரிவு, மெதுவாகப் போ. மூன்று வந்தால் நில், பக்கத்து மரத்தைத் தொடு. சின்னக் கைக்கும் தெரியும்படி ஒவ்வொன்றையும் இரண்டு சுற்றுச் சுற்றிப் பருமனாகப் போட்டாள். முடிச்சிலிருந்து கையை நீட்டி அளந்து அடுத்த முடிச்சு.

மகள் ஒரு முடிச்சை இழுத்துப் பார்த்தாள். "இறுக்கிடாதே. அங்க போய்த்தான் இறுக்கணும்" என்றாள் அம்மா. பிறகு, "இன்ஜினியரம்மா, அந்த நாடாவைச் சுருட்டி வெச்சுட்டு ஒரு டீ போடேன். உன் கையால அதாவது உருப்படியா வருதா பாப்போம்."

மகள் டீ போட்டாள். சர்க்கரை மறந்துவிட்டாள். அம்மா கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

சிறப்புக் குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றில் அம்மா டீச்சர். ஆரம்பத்தில் டீச்சர் இல்லை. அதே பள்ளியின் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் உதவியாளராகப் பதினொரு வருஷம் இருந்தாள். ஒரு மழைநாளில் வேனின் டயர் வெடித்தது, பள்ளிக்குப் பின்னால் இருக்கும் காட்டை ஒட்டி. டிரைவர் டயர் மாற்றும் வரைக்கும் பிள்ளைகளை இறக்கி மரத்தடியில் நிறுத்தினாள். தினமும் ஜன்னலில் தலையை முட்டிக்கொண்டே வரும் ஒரு பையன் ஈரச் சருகில் உட்கார்ந்தான். ஒவ்வொரு இலையாக எடுத்து முகத்தில் ஒட்டிக்கொண்டான். முக்கால் மணி நேரம் தலையை எதிலும் முட்டவில்லை.

அன்று மாலையே தலைமை ஆசிரியையிடம் போய் நின்றாள். "மழையில நனைஞ்சா யாருமே சும்மாதான் இருப்பாங்க" என்று அவர் அனுப்பிவிட்டார். அம்மா விடவில்லை. மூன்று வருஷம் ஒற்றைக்காலில் நின்றாள். நாற்பத்தாறு வயதில் பட்டயப் படிப்பில் சேர்ந்தாள். முதல் தடவை ஃபெயில். 'வெளிப்புறக் கற்றலின் மூன்று பயன்களை எழுதுக' என்ற கேள்விக்கு அந்தப் பையனைப் பற்றி மட்டும் நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தாள். அப்போது பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த மகள்தான் இரண்டாம் தடவைக்கு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். "மூணு கேட்டா மூணு எழுதும்மா. நம்பர் போட்டு எழுது."

"நடந்தது ஒண்ணுதானேடி?"

"பரவாயில்ல. அதையே மூணா வெட்டு."

வெட்டினாள். பாஸானாள். அதன்பின் ஒன்பது வருஷமாக ஒவ்வொரு புதன்கிழமையும் காட்டு வகுப்பு. ஏழு பிள்ளைகள். ஒருத்தன் குச்சிகளை நீளவாரியாக அடுக்குவான்; அடுக்கும்போதே எண்ணப் பழகினான். பேச்சு வராத ஒருத்தி மரங்கொத்தி தட்டினால் பதிலுக்குப் பட்டையில் தட்டுவாள்; அது அவளுக்குப் பேச்சு வகுப்பு. அம்மா தலையை எண்ணமாட்டாள், பூட்ஸை எண்ணுவாள். "தலை ஓடிக்கிட்டே இருக்கும். பூட்ஸ் பதினாலு இருந்தா எல்லாரும் இருக்காங்கன்னு அர்த்தம்." இத்தனை செய்தும் கம்பளிப்பூச்சியைக் கண்டால் காத தூரம் ஓடுவாள். அதைத் தள்ளிவிடப் பிள்ளைகள்தான் வரவேண்டும். அதற்காகவே இரண்டு பேர் கம்பளிப்பூச்சி தேடித் திரிவார்கள்.

ஏழில் ஒருத்தி மட்டும் காட்டுக்குள் வந்ததில்லை. ஒன்பது வயது. பள்ளிக்குள் எங்கே போனாலும் சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டேதான் போவாள். சுவர் முடிந்தால் நின்றுவிடுவாள். நிற்கும்போது தொண்டைக்குள் விடாமல் ஒரு ரீங்காரம். சுவரிடுக்கில் ரீங்கரிக்கும் பூச்சியின் பெயரையே அம்மா அவளுக்கு வைத்தாள்: சுவர்க்கோழி. சுவர்க்கோழிக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. கூப்பிட்டால் சுருதி கூடும். பள்ளியின் சுற்றுச்சுவர் காட்டு வாசலில் முடிகிறது. ஒன்றரை வருஷமாகப் புதன்கிழமைதோறும் அவள் அந்த வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா கொஞ்ச நேரம் உள்ளே, கொஞ்ச நேரம் அவளோடு கம்பத்தடியில்.

"காட்டுக்கு யாரு சுவர் கட்டறது?" என்று ஒருநாள் சாப்பிடும்போது அம்மா கேட்டாள். கேட்டுவிட்டுக் கையை அப்படியே நிறுத்தினாள். "கயிறு கட்டலாமே."

அதுதான் அந்தக் கயிறு.

திங்கட்கிழமை அம்மா காவலாளியை வைத்துக்கொண்டு அதைக் கட்டினாள். "நல்லா வந்திருக்கு" என்று மகளிடம் சொன்னாள். செவ்வாய்க்கிழமை காலை பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள்.

இரண்டு வாரம் கழித்துத் தலைமை ஆசிரியை மகளைக் கூப்பிட்டார்.

"உங்கம்மா கட்டின கயிறைப் பிள்ளைங்க தொடணும்னா, பத்திரமானதுன்னு யாராவது எழுதித் தரணும்மா. உனக்குத் தெரிஞ்ச வேலைதானே?" தயங்கினார். "இன்னொண்ணு. அந்தப் பொண்ணோட கேட்ல உக்கார இப்ப ஆளில்ல. இனிமே புதன்கிழமை அவ வகுப்புக்குள்ளயே இருக்கட்டும்னு யோசிக்கறோம்."

"அவளுக்குத்தான் சார் அந்தக் கயிறே." லிஃப்ட் வேலையில் பெரும்பாலும் ஆண்களோடு பேசிப் பேசி வந்த பழக்கம். "மேடம்" என்று திருத்திக்கொண்டாள். "இந்தப் புதன் மட்டும் அவளையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

"சரி. இந்தப் புதன். பாத்துட்டுச் சொல்றேன்."

புதன்கிழமை மகள் பிள்ளைகளுக்கு முன்னாலேயே போய்விட்டாள். பக்கத்துக் குறுக்குவழியாக உள்ளே போய், கடைசி மரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு கட்டாக இழுத்துப் பார்த்தாள். தொங்கிப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. முடிச்சுகளை எண்ணினாள்: முப்பத்தொன்று. நடுவில் கண்ணை மூடிக்கொண்டு உள்நோக்கிக் கொஞ்ச தூரம் நடந்தபோது ஒரு முடிச்சு வந்தது, காலைத் தூக்கினாள், வேர் இருந்தது. இன்னொன்று, இன்னொரு வேர். தன் பேனாக் குறிகள் எல்லாம் வெறும் இடத்தில் இருந்தன.

வாசல் பக்கம் வந்ததும் கயிறு நின்றுவிட்டது. முதல் மரத்தோடு. மரத்துக்கும் வாசல் கம்பத்துக்கும் நடுவே வெறும் தரை.

காவலாளி பின்னாலேயே வந்திருந்தார். "என்ன அண்ணே, இங்க ஏன் கட்டல?" என்று மகள் கேட்டாள்.

அவர் தலையைச் சொறிந்தார். "டீச்சரம்மா உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க."

"என்னத்த?"

"அந்தக் கோடியிலிருந்து கட்டிக்கிட்டே வந்தோம். இங்க வந்தா கயிறு தீந்துபோச்சு. அம்மா இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு ஒரே சிரிப்பு. 'என் பொண்ணு மரத்துக்கெல்லாம் கணக்கு வெச்சா, முடிச்சுக்கு வைக்கலயே. முடிச்சு கயிறைத் தின்னும்னு அவளுக்குத் தெரியலயே. சொல்லாதீங்க, ஒரு வாரம் சாப்பிட மாட்டா'ன்னாங்க."

மகள் நாடாவை எடுத்து இடைவெளியை அளந்தாள். நாலு மீட்டர் அறுபத்தைந்து. ஒரு முடிச்சை அவிழ்த்து அளந்து, திரும்பக் கட்டினாள். பதினைந்து சென்டிமீட்டர். முப்பத்தொன்றால் பெருக்கினாள். நாலு மீட்டர் அறுபத்தைந்து.

அந்தப் பதினைந்து சென்டிமீட்டருக்காக அவள் அழுதாள். காவலாளி கேட்டைத் துடைக்கப் போய்விட்டார்.

பிள்ளைகள் வந்தார்கள். உதவி டீச்சர் பூட்ஸ் எண்ணினாள்: பன்னிரண்டு உள்ளே, இரண்டு கம்பத்தடியில். சுவர்க்கோழி ஒரு கையால் கம்பத்தைப் பிடித்திருந்தாள். முதல் மரத்தில் கட்டியிருந்த கயிற்றை அவள் பார்த்துவிட்டாள். பார்வை கயிற்றிலிருந்து தரைக்கு வந்தது, மறுபடி கயிற்றுக்குப் போனது. ரீங்காரம் ஏறியது.

மகளுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. நாடாவின் நுனியை மரத்தில் மாட்டி, மறுமுனையைக் கம்பத்தோடு சேர்த்துப் பிடித்தாள். மஞ்சள் நாடா இடுப்பு உயரத்தில் விறைத்து நின்றது.

சுவர்க்கோழி ஒரு விரலை வைத்தாள். எடுத்தாள். பிறகு நான்கு விரல். கம்பத்திலிருந்த கை விட்டது. ஒரு அடி. இன்னொன்று. மூன்றாவது அடியில் கையின் எடை தாங்காமல் நாடா தொய்ந்து மடங்கியது. அவள் கத்தவில்லை. திரும்பி மூன்றே எட்டில் கம்பத்துக்கு வந்து, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, மடங்கிய நாடாவை முறைத்தாள். மகளையும் முறைத்தாள்.

"முறைக்கறது நியாயம்தான்" என்றாள் மகள். "தப்பு என்னோடது."

தலைமை ஆசிரியை வாசலில் வந்து நின்றிருந்தார். "மூணு அடி போனா" என்றார். "ஒன்றரை வருஷத்துல முதல் தடவை."

"கயிறு இருந்திருந்தா முழுசும் போயிருப்பா மேடம்."

"அடுத்த புதனும் அவ வரட்டும். உன் அறிக்கையை எழுதிக் குடு."

அம்மாவின் மேசையில்தான் எழுத இடம் கிடைத்தது. நாற்காலியின் முதுகில் அவளுடைய மழைக்கோட்டு தொங்கியது. மகள் பேனா தேடிப் பைக்குள் கையை விட்டாள். ஒரு விசில், ஒற்றைச் சாக்ஸ், மடித்த துண்டுச்சீட்டு. அம்மாவின் சாய்ந்த எழுத்து: 'கயிறு 6 மீ. செவ்வாய் சாயந்திரம் வாங்கணும்.'

நாலே முக்கால் கூட இல்லாத இடைவெளிக்கு ஆறு. மரத்தைச் சுற்ற, கம்பத்தைச் சுற்ற, முடிச்சு தின்ன. எல்லாவற்றுக்கும் வைத்திருந்தாள்.

மகள் அறிக்கை எழுதினாள். கட்டுகள்: பழுதில்லை. குறை: வாசல் பக்கம் நாலு மீட்டர் அறுபத்தைந்து. காரணம்: கணக்கிட்டவரின் பிழை. அதன் கீழே கையெழுத்தைப் போட்டு, சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு நடந்தாள்.

முதலில் கயிறு வாங்கிய அதே ஹார்ட்வேர் கடை. கடைக்காரர் ஆணிகளை நிறுத்துக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு மில்லி கயிறு, ஆறு மீட்டர்."

"உருளையில வெட்டணும்னா கொஞ்சம் நிக்கணும்மா." நிமிர்ந்தார். "அவசரம்னா ஒண்ணு பண்ணுங்க. ஒரு அம்மா போன்ல சொல்லி ஆறு மீட்டர் வெட்டி வைக்கச் சொன்னாங்க. சாயந்திரம் வந்துடறேன்னாங்க. மூணு வாரமாச்சு, ஆளையே காணோம். வெட்டினதை நான் யாருக்கு விக்கறது? அதை எடுத்துக்கறீங்களா?"

மேசைக்கு அடியிலிருந்து சுருட்டிய கயிற்றை எடுத்து வைத்தார். 'டீச்சரம்மா' என்று எழுதிய அட்டை அதில் கட்டியிருந்தது.

"அதைத்தான் வாங்க வந்தேன்" என்றாள் மகள்.