வேகத்தடையில் நிற்கும் பஸ்

மாடிப்படியில் வழுக்கி விழுந்த மகளுக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. எலும்பு வைத்தியத்துக்குப் பேர்போன புத்தூரில் கட்டுப் போடலாம் என்று அவளை அழைத்துக்கொண்டு, வடமாலபேட்டையில் புதிதாகக் கட்டியிருந்த நிழற்குடையில் போய் உட்கார்ந்தேன்.

பஸ் வந்தது. எழுந்து கையைக் காட்டினேன். அது எங்களைத் தாண்டிப் போய், தூரத்தில் இருந்த வேகத்தடையருகே நின்றது. அங்கே வெயிலில் காத்திருந்தவர்கள் ஏறத் தொடங்கினார்கள். எங்களால் ஓட முடியவில்லை. கொஞ்சம் குலுங்கினாலும் மகள் அலறினாள். "இருங்க, இருங்க" என்று கத்திக்கொண்டே நடந்தேன். பஸ் உறுமியது. கடைசியாக ஏற வந்த பெண் மட்டும் ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்தபடி, நாங்கள் போய்ச் சேரும்வரை அசையவே இல்லை.

"அங்க எதுக்கு உக்காந்துகினு இருந்தீங்க? பஸ்ஸு பிரேக்கராண்டதான் ஸ்லோ ஆவும். அங்கதான் நிக்கும்" என்றாள்.

சில மாதம் கழித்து, பஸ் நிறுத்தங்களை மேம்படுத்துவதற்காக ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்க ஓர் அதிகாரி வந்தார். ஆளில்லாத அந்த நிழற்குடையைக் காட்டி, மின்விசிறி மாட்டினால் ஜனங்கள் வருவார்களா என்று கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஃபேன் எல்லாம் வேணாம் சார். அந்த பிரேக்கரைப் பேத்து இங்க போடுங்க."