மதுரைக்குப் போய் இழந்த மார்க்

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாற்பது வயதுக்கு மேல்தான் கார் ஓட்டப் பழகினேன். இன்சூரன்ஸ் கம்பெனியில் போனில் ஓர் ஆப் ஏற்றச் சொன்னார்கள். நாம் ஓட்டுவதைப் பார்த்து அது மார்க் போடும். நல்ல மார்க் என்றால் அடுத்த வருடம் கட்டணம் குறையும். எனக்குத் தொண்ணூறுக்குக் குறைந்ததே இல்லை. ஆனாலும் தினமும் பயந்துகொண்டேதான் திறந்து பார்ப்பேன்.

போன மாதம் ஒருநாள் மார்க் நாற்பதாக விழுந்து கிடந்தது. அதிவேகம், திடீர் பிரேக் என்று சிவப்பு எழுத்து வேறு. அன்று நான் ஓட்டியதே வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைதான். கணவர் எட்டிப் பார்த்தார். "இன்சூரன்ஸ் ஏறப்போகுது. சாவிய இங்குட்டுக் குடு. இனி நானே ஓட்டிக்கிறேன்" என்றார். சாவியைக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் இன்சூரன்ஸ் எடுத்துக்கொடுத்த ஏஜெண்ட் செல்வியிடம் போனை நீட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, நேத்து மதுரைக்குக் கார்லயா போனீக?"

"இல்லம்மா, பஸ்ஸுல. அந்த நெரிசல்ல கார எடுக்கப் பயம்."

"போன் உங்க பையில இருந்திருக்கும். பஸ்ஸ நீங்க ஓட்டுறதா ஆப் நெனச்சிருச்சு. இது அந்த டிரைவரு வாங்குன மார்க்கு!"

அந்தப் பயணத்தில் நான் பயணி என்று மாற்றியதும் பழைய மார்க் திரும்பியது. சாவியும் திரும்பியது. இப்போதெல்லாம் பஸ்ஸில் ஏறினால் ஆப்பை நிறுத்திவிட்டுத்தான் டிக்கெட்டே எடுக்கிறேன்.

போன வாரம் மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு நெரிசலுக்குள் நானே கார் ஓட்டினேன். தொண்ணூற்று நான்கு! பக்கத்தில் உட்கார்ந்து வந்த கணவர் இன்னும் தன் போனில் அந்த ஆப்பை ஏற்றவில்லை.

– மீனாட்சி, காரைக்குடி