பிளக் செருகாத பெட்டி

பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். மிளகு வியாபாரி அப்துல் சலாம் பாய் எனக்குத் தரவேண்டிய மிளகுப் பறிப்புக் கூலி அது. நாற்பது வயதுக்கு மேல்தான் எழுத்துக் கற்றேன். கதை கட்டி எழுத எனக்குக் கை வராது. நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

மகள் பூங்குழலிக்கு நர்சிங் காலேஜில் பணம் கட்டச் சனிக்கிழமை கடைசி நாள். தவறினால் பெயரை எடுத்துவிடுவார்கள். கேட்காத ஆள் இல்லை. புதன்கிழமை மலையிலிருந்து சேந்தமங்கலம் இறங்கி, பாய் கடை முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அவர் கையிலும் காசில்லை. உள்ளே போய் ஒரு கறுப்புப் பெட்டியைத் தூக்கிவந்தார். ப்ரீஆம்ப்ளிபையராம். துபாயில் இருந்தபோது வாங்கியது. ஜப்பான்காரன் முப்பது வருஷத்துக்கு முன் செய்தது, இப்போது தேடினாலும் கிடைக்காதாம். பாட்டை உள்ளே விட்டால் டிஜிட்டலில் கணக்குப் போட்டு, பெரிய மண்டபத்தில் பாடுவதுபோல் வெளியே அனுப்புமாம்.

"அடமானமா வெச்சுக்கோங்க அர்த்தனாரி. வெள்ளிக்கிழமை பணம் தந்துட்டு வாங்கிக்கறேன்."

"இது தனியாப் பாடுமாங்க பாய்?"

"ஸ்பீக்கர் இல்லாம எப்படிங்க பாடும்? வெறும் இரும்பு."

அவர் மகன் ரமீஸ், "நான் பாத்துக்கறேன் அத்தா" என்று அவரிடம் சொல்லிவிட்டு, வயரைச் சுற்றிக் கட்டி, பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.

மலைமேல் திண்ணனூர் நாட்டில் எங்கள் வீடு. பத்துக்குப் பத்து ஒரே அறை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். கட்டிய வயரை அவிழ்க்கவே இல்லை.

வியாழன் இரவு தூக்கம் வரவில்லை. பக்கத்தில் மனைவி கண்ணாயி தூங்கினாள். செல்போனில் மணி பார்த்தேன். 2.10.

டிக்...

கட்டிலுக்கு அடியில் பச்சை வெளிச்சம்.

செருப்பு உரசும் சத்தம். யாரோ தொண்டையைச் செருமினார்கள். நிறையப் பேர்... பெரிய இடம்... எங்கள் அறைக்குள்.

பிறகு அழுது கம்மிய ஒரு குரல். ரமீஸ் குரல்.

"எங்கத்தா யாருக்காச்சும் பணம் தரணும்னா சொல்லுங்க. நான் தர்றேன்."

எழுந்து ஓடியிருக்க வேண்டும். சனிக்கிழமைதான் கண்முன் நின்றது. வாய் தானாகத் திறந்தது.

"எனக்குங்க... பதினெட்டாயிரத்து அறநூத்தி அம்பது."

சத்தம் அடங்கியது. எல்லோரும் திரும்பிப் பார்ப்பதுபோல்...

டிக்.

இருட்டு.

காலையில் பாய்க்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. பெட்டியோடு பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவில் மரம் விழுந்து வண்டி நின்றுவிட்டது. மலையடிவாரத்துக் காரவள்ளி வந்து சேர மணி மூன்று. அங்கே டீக்கடையில்தான் சொன்னார்கள். பாய் காலை ஐந்தரைக்கு மாரடைப்பில் போய்விட்டாராம்.

சேந்தமங்கலம் போனபோது அடக்கம் முடிந்திருந்தது. பள்ளிவாசல் வாசலில் ரமீஸ் நின்றான். என்னைப் பார்த்ததும் ஒரு கவரை நீட்டினான். அம்மா வளையலை அடகு வைத்து வாங்கிய பணமாம்.

"எங்க போயிட்டீங்கண்ணா? அடக்கத்துக்கு முன்னாடி ஜனாஸா தொழுகைக்கு எல்லாரும் நின்னப்போ, அத்தா யாருக்குக் கடன் தரணும்னு கேட்டேன். பின்னாடி நின்னு நீங்கதான் தொகையைச் சொன்னீங்க. திரும்பிப் பார்த்தா ஆளைக் காணோம்."

"எத்தனை மணிக்குங்க தம்பி?"

"ரெண்டு பத்து."

மதியம் இரண்டு பத்துக்கு நான் மலைமேல் நின்ற பஸ்ஸில் இருந்தேன். மடியில் அந்தப் பெட்டி.

பணத்தை எண்ணினேன்.

சரியாக இருந்தது.