ஆன்டெனாவைத் திருப்ப ஏறிய ஸ்டூல்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். தாம்பரத்தில் வெல்டிங் பட்டறை, இரும்புலியூரில் மாடி வீடு, இரண்டு மகள்களின் கல்யாணம், எல்லாம் இந்தக் கையால் உண்டாக்கியவை.

என் மனைவி ஜமீலாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. டாக்டர் நடக்கச் சொல்லியும் பயத்தில் கட்டிலை விட்டு இறங்கவே மாட்டாள். படுத்தபடி டிவியாவது பார்க்கட்டும் என்று டிஜிட்டல் பாக்ஸும் இன்டோர் ஆன்டெனாவும் வாங்கி வந்தேன். ஆன்டெனாவை இரும்பு பீரோ மேல் வைத்தேன். படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றது.

“இரும்பு பீரோ சிக்னல தடுக்கும். ஜன்னலாண்ட வச்சுப் பாருங்களேன்” என்றாள்.

“இரும்புலயே வாழ்ந்தவனுக்குப் பாடமா? சும்மா படு.”

ஸ்டூலில் ஏறித் திருப்பினேன். ஸ்டூல் சாய்ந்து தரையில் விழுந்தேன். கண் திறந்தபோது ஜமீலா என் பக்கத்தில் நின்றிருந்தாள்.

“இன்னாங்க, அடி பட்டுடுச்சா?”

“அது கெடக்கட்டும். நீ நடந்து வந்துகீற, பாரு.”

இப்போது ஆன்டெனா ஜன்னலில் இருக்கிறது. படம் உடைந்தால் நான் தொடுவதில்லை. அவளே நடந்து போய்த் திருப்புவாள். விழுந்தால் பிடிக்க, நான் கையை நீட்டிக்கொண்டு பின்னாலேயே போவேன்.

டாக்டர்தான் அம்மாவை நடக்க வைத்தார் என்று மகள்கள் ஊரெல்லாம் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஆனால் நான் விழுந்ததையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.